ஸ்டேஷன் வாசல்வரை வந்த சவரிமுத்து

மதுரையிலிருந்து தேனிக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள், உசிலம்பட்டி வருவதற்குள் என்னைப் பற்றி எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுவிட்டார். சொந்த ஊர் காஞ்சிபுரம் பக்கம், கல்யாணமாகி வெளிநாட்டில் குடியேறி வெகுகாலம், ஒரே பையன், சர்க்கரை வியாதி இதுவரை இல்லை. என்ன வேலை என்று கேட்டபோதுதான் பேச்சு கொஞ்சம் நின்றது. போலீஸ் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களா? அம்புட்டு உசரம் இல்லையே!"

அங்கே அதற்கெல்லாம் இப்போது கட்டுப்பாடு இல்லை என்று சொன்னேன். நான் இருக்கும் நாட்டின் பெயரை எழுதாமல் விடுகிறேன். வேலையில் சில விதிகள் உண்டு. மனிதர்களைவிட ஆடுகள் அதிகம் உள்ள நாடு என்றால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். இதில் வரும் ஆட்களின் பெயர்களும் மாற்றியவைதான்.

அங்கே மாநிலத்துக்கு ஒரு போலீஸ் கிடையாது. நாடு முழுவதற்கும் ஒன்றே. சில வருஷம் தெருவில் ரோந்து போனேன். இப்போது இருக்கும் பிரிவின் பெயர் பலகையில் நீளமாக இருக்கும். சமத்துவம், பன்மைத்தன்மை, உள்ளடக்கம் என்று அதைத் தமிழ்ப்படுத்தினால் மருந்துச்சீட்டு மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் அம்மாளிடம் வேறு மாதிரி சொன்னேன். "எல்லா சனமும் போலீஸ்ல இருக்கணும். பொம்பளைங்க, வெளியூர்லேருந்து குடிவந்தவங்க, அந்த ஊர் ஆதிகுடிங்க, எல்லாரும். அதுக்கு ஆள் சேர்க்கிறேன். சேர்ந்தவங்க மரியாதையா இருக்காங்களான்னு பார்க்கிறேன்."

அவர் யோசித்தார். "நல்ல சோலிதான். ஆனா கூப்பிட்டா வருவாகளா? எங்கூட்டு ஆம்பளைக போலீஸ் ஜீப்பைப் பார்த்தா சந்துக்குள்ள பூந்து போயிருவாக."

இதைத்தான் நாங்கள் படம் போட்டு, கோடு போட்டு, அரை நாள் கூட்டம் வைத்துப் பேசுகிறோம்.

என் பயணத்துக்குக் காரணமும் கிட்டத்தட்ட இதுவே. அண்ணன் மகள் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்தேன். அங்கிருந்து கிளம்புவதற்கு முன் ரோஸ்லின் என்னைத் தேடி வந்தாள். எங்கள் பயிற்சிக் கல்லூரியில் படிக்கும் பெண். அம்மா அமலி நர்ஸ். அம்மாவோடு சின்ன வயதில் அங்கே வந்தவள். அப்பா சவரிமுத்து இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்தோடு இருந்துவிட்டவர். மகளோடு தினமும் போனில் பேசிக்கொண்டிருந்த மனிதர், அவள் போலீஸுக்குத் தேர்வானாள் என்று கேட்ட நாளிலிருந்து பேசவில்லை. அவள் கூப்பிட்டால், "தண்ணி பாச்சிக்கிட்டு இருக்கேன்" என்று வைத்துவிடுவார்.

"ஏன் கோபம்?" என்று கேட்டேன்.

"தெரியலை. அம்மாகிட்டக் கேட்டா, அவர்கிட்டயே கேட்டுக்கோன்னு சொல்றாங்க. நீங்க அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டாம் அக்கா. பயிற்சி முடிஞ்சு நடக்கிற பரேடு என்னைக்குன்னு மட்டும் நேர்ல சொல்லிட்டு வாங்க, போதும்."

அவ்வளவுதான் என் வேலை.

தேனி பஸ் நிலையத்தில் இறங்கியபோது காற்று ஆளைத் தள்ளியது. மலைகளுக்கு நடுவே வாசல் திறந்துவைத்த மாதிரி ஊர். அங்கிருந்து சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம். வலது பக்கமும் மலை, இடது பக்கமும் மலை, நடுவில் நெல்லும் வாழையும் தென்னையும். என் நாட்டிலும் இதைவிடப் பெரிய மலைகள் உண்டு. ஆனால் அங்கே மலை அடிவாரத்தில் ஒரு ஆள்கூட இருக்க மாட்டார். இங்கே மலை தெரிகிற ஒவ்வொரு இடைவெளியிலும் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

கம்பத்தில் லாட்ஜ் கிடைத்தது. சாயங்காலம் ஒரு கடையில் கறிதோசை. தோசையின் மேல் கொத்துக்கறியைப் பரப்பிக் கல்லிலேயே அழுத்தி எடுக்கிறார்கள். சாப்பிட்டு முடிக்கும்போது மூக்கு ஒழுகியது. பின் மேஜையில் இரண்டு பேர் பெண் பார்த்துவிட்டுப் போன கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வந்தாக. உக்காந்தாக. காப்பி குடிச்சாக. பொண்ணு என்ன படிச்சிருக்குன்னாக. போயிட்டாக."

"பெறகு?"

"பெறகு என்ன? அம்புட்டுத்தான்."

நாங்கள் 'வந்தாங்க' என்று இழுப்பதை இவர்கள் 'வந்தாக' என்று வெட்டிவிடுகிறார்கள். மரியாதை அதே மரியாதைதான். காதில் மட்டும் வேகமாக விழுகிறது. எனக்கு அது பிடித்துப்போனது.

மறுநாள் காலையில் ஆட்டோ பிடித்துச் சுருளிப்பட்டி போனேன். திராட்சைப் பந்தலுக்குள் முதன்முறையாக நுழைகிறேன். கம்பிப் பந்தல் முழுக்க இலை. உள்ளே வெளிச்சம் பச்சையாக இறங்குகிறது. தலைக்கு மேல் கருங்குலைகள். சவரிமுத்து கத்தரிக்கோலோடு நின்றிருந்தார். ஐம்பது தாண்டிய, மெலிந்த மனிதர். கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு வேகமாக வந்தார்.

"வாங்க, வாங்க. அமலி போன்ல சொன்னா. காஞ்சிபுரமாமே? இங்கன உக்காருங்க."

எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, தனக்கு ஒன்றைப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். பஸ் வசதியாக இருந்ததா, லாட்ஜில் தண்ணீர் வந்ததா என்று விசாரித்தார். ஒரு குலையைக் கழுவித் தட்டில் வைத்தார். அமலி எவ்வளவு தூரம் சொல்லியிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. பேச்சுவாக்கில், "நானும் ரோஸ்லின் சேர்ந்திருக்கிற போலீஸ்லதான் இருக்கேன்" என்றேன்.

சவரிமுத்து எழுந்து நின்றார்.

கோபத்தில் எழுந்ததாகத் தெரியவில்லை. எழுந்தது அவருக்கே தெரிந்ததா என்பதும் சந்தேகம். வகுப்புக்குள் வாத்தியார் வந்தால் பையன்கள் எழுவது போல உடம்பு தானாக எழுந்திருந்தது. இரண்டு கையும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டன. "உட்காருங்க" என்றேன். "இருக்கட்டும் மேடம்" என்றார். அதுவரை நான் மேடம் இல்லை.

அவர் நிற்கும்போது நான் எப்படி உட்கார்ந்திருப்பது? நானும் எழுந்தேன். காலியான இரண்டு நாற்காலிகளுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு நாங்கள் திராட்சை சாப்பிட்டோம்.

மதியம் அவரே சமைத்த நாட்டுக்கோழிக் குழம்பு. சோற்றுப் பானையை வலது கையால் மட்டுமே தூக்கினார். இடது மணிக்கட்டு மடங்கவில்லை. எனக்குப் பரிமாறிவிட்டு, சேர்ந்து சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "நீங்க சாப்பிடுங்க" என்று நகர்ந்துகொண்டார். இலையை எடுக்கும்போது பரேடு நடக்கும் தேதியைச் சொன்னேன்.

"சரி" என்றார்.

"அவ ரொம்ப ஆசைப்படறா."

"நல்லா இருக்கட்டும் மேடம். சேதி சொல்லியாச்சுன்னு சொல்லிருங்க. அந்தப் பேச்சு வேணாம்."

சொல்ல வந்ததைச் சொல்லியாகிவிட்டது. ஆட்டோவில் திரும்பும்போது எனக்கு ஏதோ தப்பான வீட்டில் கடிதம் போட்ட தபால்காரரைப் போல இருந்தது.

அடுத்த நாள் சும்மா இருந்தது. குமுளி வரை போய்வரலாம் என்று கூடலூர் வந்தேன். காலையில் கூடலூரில் பார்க்க வேண்டியது ஜீப்புகள்தான். கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். என்னையும் ஒருத்தி கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"ஆத்தா, ஒடம்பக் கொஞ்சம் ஒடுக்கு. இன்னும் நாலு பேரு ஏறணும்."

"எங்க ஏறுவாங்க?"

"ஏறுவாக. நீ பாரு."

ஏறினார்கள். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும் வரை என் மடியில் யாருடைய தூக்குச்சட்டி இருந்தது என்று எனக்குத் தெரியாது. சூடாக இருந்தது. என் நாட்டில் பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள்.

குமுளியில் புட்டும் கடலையும். டீக்கடைக்காரர் உள்ளே பார்த்து மனைவியிடம் மலையாளத்தில் சொன்னது பாதி புரிந்தது: தமிழ்நாட்டு அம்மாவுக்குச் சர்க்கரை கூடப் போடு, அவங்களுக்கு அதுதான் பிடிக்கும். இருபது வருஷமாக அங்கே என்னை 'இந்தியாவிலிருந்து வந்தவர்' என்கிறார்கள். காஞ்சிபுரத்தில் 'வெளிநாட்டுக்காரி' என்கிறார்கள். எந்தத் தயக்கமும் இல்லாமல் என்னைத் தமிழ்நாட்டில் சேர்த்தவர் குமுளி டீக்கடைக்காரர்தான். டீ ரொம்ப இனிப்பாக இருந்தது. குடித்துவிட்டேன்.

திரும்பும்போதும் ஒரு ஜீப். கூடலூரில் இறங்கி, ஜீப் போன பிறகுதான் தோளைத் தடவினேன். துணிப்பை இல்லை. அதில் பணப்பை இல்லை, போன் இல்லை, பாஸ்போர்ட் இருந்தது.

பள்ளத்தாக்கில் எனக்குத் தெரிந்த ஒரே போன் நம்பர் சவரிமுத்துவுடையது. தயங்கித்தான் கூப்பிட்டேன். "அங்கனயே நில்லுங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் பைக்கில் வந்துவிட்டார். ஜீப் நிறுத்தத்தில் வயதான டிரைவர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. "அண்ணே, வண்டிப் பக்கமே வரமாட்டீகளே!" என்று ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான், முன்பு அவரும் ஜீப் ஓட்டியவர் என்று தெரிந்தது.

"எந்த வண்டி மேடம்?"

"வெள்ளை ஜீப்."

டிரைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சுற்றிலும் நின்ற அத்தனையும் வெள்ளை.

கேட்டுப் பார்க்கிறோம் என்றார்கள். ஆனால் பாஸ்போர்ட் விஷயம், போலீஸில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது என்று ஒருவர் சொன்னார். எனக்கும் அது தெரியும். மாற்றுப் பாஸ்போர்ட்டுக்குப் புகார் ரசீது வேண்டும். சவரிமுத்து பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். பிறகு, "ஏறுங்க" என்றார்.

ஸ்டேஷனுக்கு ஐம்பதடி முன்னாலேயே, ரோட்டோரம் ஒரு வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்தினார்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கன நிக்கிறேன்."

உள்ளே போனேன். இத்தனை வருஷம் உடுப்பு போட்டவள்தான். ஆனாலும் படிக்கு முன்னால், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நின்றேன். பதிவேட்டுக்குப் பின்னால் இருந்த ஏட்டு, "என்னம்மா?" என்று தலை நிமிராமல் கேட்டார். சொல்லத் தொடங்கியபோது உள்ளேயிருந்து எஸ்.ஐ. வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். நாற்காலி காட்டினார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டதும் சிரித்துவிட்டார்.

"போலீஸே பாஸ்போர்ட்டைத் தொலைச்சுட்டா எப்புடிம்மா?"

எழுதிக்கொண்டே, உள்ளூரில் எனக்குத் தெரிந்தவர் யாரென்று கேட்டார். வெளியே நிற்கிறார் என்றேன்.

"உள்ள வரச் சொல்லுங்க."

"வரமாட்டார்னு நினைக்கிறேன்."

"ஏன்?"

"தெரியலை. நான் போலீஸ்னு சொன்னதுமே எழுந்து நின்னுட்டார். நேத்து முழுக்க உட்காரலை."

எஸ்.ஐ. பேனாவை மூடினார். ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்தார். பிறகு எழுதும் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்ப நான் போறேன்" என்று படியிறங்கினார்.

அவர் வருவதைப் பார்த்ததும் சவரிமுத்து ஒரு எட்டு பின்னால் வைத்தார். எஸ்.ஐ. அதைக் கவனித்திருக்க வேண்டும். நெருங்கிப் போகவில்லை. ரோட்டோரத் தண்ணீர்த்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். இப்போது அவர் கீழே, சவரிமுத்து மேலே.

"அண்ணே, இவுக பை காணாமப் போனதுக்குத்தான். உங்க பேரும் நம்பரும் சொன்னாப் போதும்."

சொன்னார். எஸ்.ஐ. எழுதிக்கொண்டார். எழுந்து போகவில்லை.

"நீங்க உள்ள வரலைன்னு கோவமெல்லாம் இல்ல. ஏன்னு கேக்கலாமா? சொல்ல வேணாம்னா வேணாம்."

சவரிமுத்து ரோட்டைப் பார்த்தார். வாழைத்தார் ஏற்றிய ஒரு லாரி கடந்து போனது. பிறகு, யாரோ ஒருவருக்கு நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

"ஜீப் ஓட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு ஏலக்காய் குடோன்ல களவு போச்சு. அங்கன என் வண்டி நின்னுச்சுன்னு யாரோ சொல்லிருக்காக. புடிச்சிட்டுப் போனாக. இல்லைங்கய்யா, நான் இல்லைங்கய்யான்னு சொல்லச் சொல்ல அடிச்சாக. ரெண்டு நாளு." இடது கையை நீட்டினார். "கியர் போட முடியல. வண்டிய வித்துட்டேன். பெறகு வேற ஆளு ஆப்புட்டான். என்னையப் போடான்னாக. வந்துட்டேன்."

"எந்த ஸ்டேஷன்?"

சொன்னார். பள்ளத்தாக்கில் வேறொரு ஊர். அந்தப் பெயர் இங்கே வேண்டாம்.

"நான் அங்கன ஒரு வருசம் இருந்தேன்" என்றார் எஸ்.ஐ.

சவரிமுத்து முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். "பின்னாடி ரூம்பு. மேல ஒரு சன்னல் இருக்கும். ஒரு கம்பி மட்டும் வளைஞ்சிருக்கும்."

"இருக்குண்ணே. இப்ப அதுல பழைய பைல்களைப் போட்டு வச்சிருக்காக. கம்பி இன்னும் வளைஞ்சுதான் இருக்கு."

சவரிமுத்து மெல்ல மரத்தடியில் குந்தி உட்கார்ந்தார். வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஆமாம், ஆமாம் என்று தனக்குத்தானே சொல்வது போல.

ரசீதில் முத்திரை குத்துவதற்காக நானும் எஸ்.ஐ.யும் உள்ளே வந்தோம். நீங்கள் ஏன் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை என்று கேட்டேன். எங்கள் ஊரில் அதற்குத் தனியாகப் பயிற்சியே உண்டு.

"நான் மன்னிப்புக் கேட்டா அவரு என்ன செய்வாரு? பரவால்லைன்னு சொல்லணும். மனசு வராட்டியும் சொல்லணும். அதையும் எதுக்கு அவரு தலையில ஏத்தி வைக்கணும்?"

அந்த ஸ்டேஷனில் அவர் ஒருவர்தான் பெண் அதிகாரி. வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, திருவிழாப் பாதுகாப்புக்குப் போகிற நாட்களில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை என்றார். "நடு ரோட்டுல நிப்பாட்டிருவாக. ஒதுங்க எடம் எங்க இருக்கு?" நான் என் முதல் கவச உடையின் கதையைச் சொன்னேன். ஆண்களின் அளவில் தைத்தது. உட்கார்ந்தால் கழுத்தை முட்டும். எனக்கு அளவானது வரும் வரை காரில் மோவாயைத் தூக்கிக்கொண்டே ஊர் சுற்றினேன். இருவரும் சிரித்தோம். ஏட்டு நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

மறுநாள் காலை ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. பை கிடைத்துவிட்டது. ஜீப்பில் கண்டெடுத்த தோட்டத்து அம்மாள், டிரைவரிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவான் என்று வீட்டுக்கு எடுத்துப்போய், விடிந்ததும் அவரே கொண்டுவந்து கொடுத்திருந்தார். சவரிமுத்துதான் என்னைக் கூட்டிப்போனார். அதே வேப்பமரம், அதே ஐம்பதடி. எஸ்.ஐ. வாசலில் நின்று அவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். இவரும் உயர்த்தினார். உள்ளே வரவில்லை.

அன்று மதியம் எனக்கு மதுரைக்குப் பஸ். அதற்கு முன் தோட்டத்துக்கு வந்துவிட்டுப் போகச் சொன்னார். பந்தலுக்குள் அதே இரண்டு நாற்காலி. உட்கார்ந்தார். கீழே உதிர்ந்திருந்த காய்களைப் பொறுக்கி ஒரு ஓரமாகச் சேர்த்தார்.

"அங்கன அடிப்பாகளா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அடிக்கக் கூடாது. அடிச்சா, ஏன்னு கேட்க ஆள் இருக்கு. வேலை போகும். ஆனா யாரும் அடிச்சதே இல்லைன்னு நான் சொன்னா அது பொய்."

"அதுக்கில்ல." அவர் தலையை அசைத்தார். "எம்புள்ள யாரையும் அடிக்க மாட்டா. எனக்குத் தெரியாதா? என்னைய அடிச்சது ஒரு ஆளு. சுத்தி நின்னது நாலு பேரு. அவுக ஒண்ணும் கெட்டவுக இல்ல. ஒருத்தரு எங்க மாதா கோயிலுக்கு வர்றவரு. அதுக்கு முந்துன ஞாயித்துக்கெழமைகூடப் பூசையில எனக்குக் கைகுடுத்துச் சமாதானம் சொன்னவரு. அவரு செவுத்தப் பார்த்துக்கிட்டு நின்னாரு." இன்னொரு காயைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார். "அடிச்சவனை மறந்துட்டேன். அந்த நாலு பேரை மறக்க முடியல. எம்புள்ள அந்த நாலு பேத்துல ஒருத்தியா ஆயிருவாளோன்னுதான்…"



அதனால்தான் அவளைப் போன்றவர்கள் போலீஸுக்கு வர வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். சரியான பதில்தான். ஆனால் எங்கள் சுவரொட்டியில் இருக்கிற வாசகம் அது. கீழே சிரிக்கிற முகங்களோடு. பத்து வருஷமாக நான் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். உள்ளே வந்தபின் சுவரைப் பார்த்து நிற்காமல் இருக்க என்ன வேண்டும் என்று இவ்வளவு நேராக என்னிடம் யாரும் கேட்டதில்லை. விதவிதமான முகங்கள் வந்தால் போதும் என்று ஒரு காலத்தில் நம்பினேன். விதவிதமான முகங்களும் சுவரைப் பார்த்து நிற்க முடியும்.

"இதை நீங்க அவகிட்டயே சொல்லணும்" என்றேன். "நான் போய்ச் சொன்னா அது பாடம் மாதிரி ஆயிடும்."

அவர் என் போனைப் பார்த்தார். "இப்ப அங்கன மணி என்ன இருக்கும்?"

"சாயங்காலம். வகுப்பு முடிஞ்சிருக்கும்."

"போடுங்க."

போட்டுக் கொடுத்தேன். ரோஸ்லின் என் குரலை எதிர்பார்த்து, "அக்கா!" என்றாள். "நான்தான் ஆத்தா, அப்பா" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து பந்தலுக்குள் நடந்தார். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். கொடிகளுக்கு நடுவே அவருடைய சட்டை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. எல்லாவற்றையும் சொல்கிறார் என்பது அவர் நின்று நின்று நடந்ததிலிருந்து தெரிந்தது. ஒரு இடத்தில் இடது கையை உயர்த்திப் பார்த்துக்கொண்டார், அவள் அதைப் பார்க்க முடியும் என்பது போல.

திரும்பி வரும்போது பேச்சு காதில் விழத் தொடங்கியது.

"ஆமா. அம்மாவுக்குத் தெரியும். அவதான் வந்தா. ஸ்டேஷன் வாசல்ல வந்து உக்காந்துட்டா, பொழுதன்னைக்கும். போகச் சொன்னாக, போகல. அப்ப அவளுக்கு ஆறு மாசம்." அந்தப் பக்கம் ஏதோ கேள்வி. "வேற யாரு? நீதான். நீயும் அன்னைக்கு அங்கனதான் இருந்த."

இவர் ஒரு கையால் பந்தல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவள் ஏதோ நிறைய பேசினாள். வார்த்தை எனக்குக் கேட்கவில்லை, குரல் மட்டும். அவர் "ம்" என்றார். மறுபடியும் "ம்" என்றார்.

"பரேடுக்கெல்லாம் வரலத்தா. என்னால முடியாது. அம்மா வருவா." சொல்லிவிட்டு, போனை வைக்கப் போகிறவர் போலக் காதிலிருந்து எடுத்தார். மறுபடி காதில் வைத்தார். "ஒரு போட்டா எடுத்து அனுப்பு. உடுப்போடதான். ஆனா தொப்பி வேணாம், கையில புடிச்சுக்க." அவள் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.

"தொப்பியப் பார்த்தா நான் இன்னும் எந்திரிச்சு நின்னுருவேன். மொதல்ல தொப்பி இல்லாம அனுப்பு. பார்த்துப் பழகிக்கிறேன்."